ஒரு வெரல்ல காட்டுங்க

எங்கள் ஆலையின் முதலுதவி அறையில் வலி என்று போய் நின்றால் சிஸ்டர் மாத்திரை டப்பாவைத் திறக்க மாட்டார். பேனாவையும் எடுக்க மாட்டார். "எங்க வலிக்குது, ஒரு வெரல்ல காட்டுங்க" என்பார்.

நாம் உள்ளங்கையால் முழங்காலைச் சுற்றித் தடவி, "இங்கெல்லாந்தான் சிஸ்டர்" என்போம்.

"கையால தடவுனா அது கத சார். வெரலால தொட்டாத்தான் வலி. ஒரே ஒரு வெரலு."

அப்போதுதான் மனிதன் முதல் முறையாகத் தன் முழங்காலைப் பற்றி யோசிப்பான். விரலை அங்கே வைத்து, இங்கே வைத்து, கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்துவான். "ஆங், இங்க." சிஸ்டர் முகத்தில் அப்போது ஒரு திருப்தி தெரியும். நோயாளியின் வலியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிற ஒருத்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நர்ஸ் என்றால் நம் ஊரில் எல்லாருமே சிஸ்டர்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் வாய்க்கவில்லை, ஏனென்று பின்னால் சொல்கிறேன். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு நாற்பத்தாறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். அவர் அங்கே கான்ட்ராக்டில் வந்த நர்ஸ். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை.

எங்களை ஒன்றாகச் சேர்த்தது சைக்கிள். சேஃப்டி ஆபீசர் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஆரோக்கியம், குழு மனப்பான்மை என்று ஏதேதோ பேசி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு ஒன்றை ஆரம்பித்தார். ஏழு பேர் பெயர் கொடுத்தோம். ஆறு ஆண்கள், சிஸ்டர் ஒருவர். நாங்கள் ஆறு பேரும் கியர் சைக்கிள் வாங்கினோம். கையுறை, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் மாட்டுகிற கொக்கி, எல்லாம் உண்டு. சிஸ்டர் முன்பக்கம் கூடை வைத்த தன் பழைய லேடீஸ் சைக்கிளில், சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக வந்தார். கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பிளாஸ்டர் சுருள், போல்ட் திருகுகிற ஆலன் கீ செட்டு.

முதல் ஞாயிறு கவரப்பேட்டை வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவதாகத் திட்டம். போகிற வழியிலேயே எனக்கு உயிர் போய்விட்டது. முட்டி முன்பக்கம் வலிக்கிறது, உட்காரும் இடம் எரிகிறது, கைவிரல் இரண்டு மரத்துப் போகிறது. இட்லிக் கடையில் எல்லாரும் எல்லாரையும் விசாரித்துக்கொண்டோம். "சூப்பரா கீது" என்றார் கிரேன் ஓட்டுகிறவர். "பூ மாதிரி போவுது" என்றேன் நான்.

சிஸ்டர் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "சார், நான் உங்க பின்னாடியேதான் வந்துக்கினு இருந்தேன். எட்டு தடவ கைய ஒதறினீங்க. பூவு இன்னாத்துக்கு சார் கைய மரக்க வைக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் வலிதான் என்று அப்புறம் தெரிந்தது.

நான் செய்து வைத்திருந்த கூத்தைச் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்கிய அன்றே சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டேன். இருபது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். வண்டி என்றால் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அதில் முட்டி நொந்தது. உட்காரும் இடம் உறுத்தியதால் சீட்டின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். அதில் உடம்பு முன்னால் சரிந்து கை மரத்தது. கைக்குத் தடித்த கையுறை வாங்கினேன். சீட்டுக்கு ஜெல் உறை வாங்கினேன். ஒவ்வொரு வலியையும் மூட இன்னொரு வலியை வாங்கிக்கொண்டே போயிருக்கிறேன். என் மனைவி சும்மா சொல்லவில்லை: "சைக்கிள்ல போயி நோவு வாங்கிக்கினு வரதுக்கு, ஊட்லயே குந்திக்கினு வாங்கிக்கலாமே!"

அன்று சிஸ்டர், இட்லிக் கடைக்குப் பக்கத்தில் மூடியிருந்த டயர் கடைச் சுவரில் என்னைச் சாய்த்து நிறுத்தி, சைக்கிள் மேல் உட்கார வைத்தார். பெடலைக் கீழே தள்ளி, குதிகாலை அதன் மேல் வைக்கச் சொன்னார். என் முழங்கால் மடங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன்போல இருந்தேன்.

"குதிகால் வச்சா காலு நேரா நிக்கணும் சார். அப்பத்தான் மிதிக்கறப்ப லேசா மடங்கும். இப்ப நீங்க ஓட்டறது சைக்கிள் இல்ல, தவள."

"அவ்ளோ ஏத்தினா காலு தரையில எட்டாதே சிஸ்டர்?"

"நிக்கறதுக்கா வாங்கினீங்க? போறதுக்குத்தான?"

ஆனால் ஒரேயடியாக ஏற்றவில்லை. அரை விரல் கனம் மட்டும் ஏற்றினார். சீட்டுக் கம்பியில் அந்த அளவில் பிளாஸ்டரைச் சுற்றி, பேனாவால் அன்றைய தேதியை எழுதினார். "ஒரு வாரத்துக்கு ஒரு மாத்தம்தான். ரெண்டு மாத்தம் ஒண்ணா பண்ணா எது நல்லது பண்ணுச்சு, எது கெட்டது பண்ணுச்சுன்னு தெரியாது." முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்துவிட்டது. அதனால்தான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளங்கையால் தடவினால் முன்னுக்கும் பின்னுக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த வாரம் கிரேன்காரர் பட்டறையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்தார். கம்பி ஆலைக்காரர்கள் நாங்கள், எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டோம். என் சீட்டின் மேல் வைத்ததும் குமிழ் ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. சிஸ்டர் சீட்டை நிமிர்த்தினார். அவ்வளவுதான் செய்தார். கையை அவர் தொடவே இல்லை. அன்று போகும்போது பத்து கிலோமீட்டர் வரை விரல் மரக்கவில்லை. பிறகும் மரக்கவில்லை.

"கை மரத்தா கையையே பாத்துக்கினு இருந்தா எப்டி சார்? குந்தற எடம் சரியா இல்லன்னா மொத்த ஒடம்பையும் ரெண்டு கையி தாங்குது. பாவம், அதுக்கு இன்னா தெரியும், மரத்துப் போவுது."

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். நர்சிங் படிக்கையில் தினமும் கிராமத்திலிருந்து பொன்னேரி ஸ்டேஷன் வரை சைக்கிளில் வந்து ரயில் பிடித்தாராம். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம், எழ முடியாமல் கிடப்பவர்களின் வார்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை. "பாரம் ஒரே எடத்துல நின்னா அங்க புண்ணு வந்துடும் சார். சதை சொல்லாது, மரத்துடும். நாமதான் புரட்டணும். சைக்கிளும் அதே கணக்குதான்."

அதற்காக அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் எங்கள் மானத்தை வாங்கியது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின்னாலிருந்து மணி அடிப்பார். "எழுந்திரிங்க!" ஏழு பேரும் ஒரே நேரத்தில் பெடல் மேல் எழுந்து நின்று இருபது மிதி மிதிக்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். ஒருநாள் வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இடுப்பு நிமிர்ந்து, "இன்னாடி இது, குந்தறதும் எழுந்துக்கறதுமா போறாங்கோ! எல்லாத்துக்கும் மூலமா?" என்று கத்திக் கேட்டார். வயலே சிரித்தது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை மணி அடித்தார்.

மூன்று மாதம் கழித்துப் பழவேற்காடு போனோம். போக வர எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. சிஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணி ஆராதனைக்குத் திரும்பிவிடுகிறவர். அன்று, "ஆண்டவராண்ட ஒரு நாளு லீவு சொல்லிட்டேன்" என்றார். பொன்னேரி தாண்டி, இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நிற்க, எதிர்காற்று இல்லாத ஒரு காலை. ஏரிக்கரையில் இறங்கி நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு மணி நேரமாக எனக்கு என் உடம்பு ஞாபகமே வரவில்லை. எதுவும் வலிக்கவில்லை. படகையும், தண்ணீரையும், தூரத்தில் நின்ற வெள்ளைப் பறவைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது. சிஸ்டரிடம் அதைச் சொன்னேன். "எங்கன்னு ஒரு வெரல்ல காட்டுங்க" என்றார். காட்டத் தெரியவில்லை.

இதுவரை நல்ல கதை. இனிமேல் எங்கள் ஆலை வாசலில் இருந்த பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

'விபத்தில்லா நாட்கள்' என்று தலைப்பு. கீழே மூன்று எண்கள் மாட்டுகிற கொக்கி. தினமும் காலையில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவார். உள்ளே யாருக்காவது அடிபட்டு, முதலுதவிப் பதிவேட்டில் அது வேலையில் பட்ட அடி என்று ஏறிவிட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்; அடிபட்ட நாள் அல்ல, பதிவேட்டில் ஏறிய நாள்தான் கணக்கு. ஐந்நூறு நாள் தொட்டால் ஆளுக்கு ஓர் ஐந்து லிட்டர் குக்கர் தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மேனேஜருக்கு மும்பையில் மேடையேறி வாங்கும் கேடயம். என் மனைவி குக்கர் வருவதற்கு முன்பே அதைத் தன் தங்கையின் புதுமனைக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முந்நூறு தாண்டியதும் ஆட்களுக்கு அடிபடுவது நின்றுவிட்டது. அப்படித்தான் பதிவேடு சொன்னது. அடிபடாமலா இருக்கும்? சிவக்கக் காய்ந்த கம்பி ஓடுகிற இடம். ஒருநாள் கிரேன்காரர் ஏணியில் கால் பிசகி இறங்கினார். திங்கட்கிழமை காலை வீங்கிய முட்டியோடு முதலுதவி அறையில் நின்று, "சைக்கிள்ல விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றார். குழு இருக்கிறது, ஞாயிறு போனோம், யார் சந்தேகப்படுவார்கள்? சிஸ்டர் எழுதினார்.

அந்த வழி திறந்ததும் எல்லாரும் அதில் நுழைந்தார்கள். தோள்பட்டை, சைக்கிள். நகம் பெயர்ந்தது, சைக்கிள் செயின். சைக்கிளே இல்லாதவர்கூடச் சைக்கிளில் விழுந்தார். அந்த நாலைந்து மாதத்தில் கும்மிடிப்பூண்டியிலேயே ஆபத்தான பொருள் சைக்கிள்தான். சேஃப்டி ஆபீசர் எங்கள் குழுவை மிகவும் பாராட்டினார். டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தார்.

சிஸ்டருக்கு இது தாங்கவில்லை. பொய் என்பதைவிட, சைக்கிள் மேல் பழி என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது என்று நினைக்கிறேன். "நான் உக்கார வச்ச சைக்கிளு சார் அது. அதுல எப்டி முட்டி வீங்கும்?" என்று சைக்கிள் ஸ்டாண்டுக்கே போய், கிரேன்காரரின் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"அப்பறம் எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"அந்த நோட்ல 'எப்படி நேர்ந்தது'ன்னு ஒரு கட்டம் கீது. அடிபட்டவங்க சொன்னதத்தான் எழுதணும். நான் பாத்தத எழுத அதுல எடமில்ல சார்."

பலகையில் நானூற்று எண்பதைத் தாண்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. கம்பி ஆறுகிற மேடைக்குப் பக்கத்தில் கிரீஸும் தண்ணீரும் கலந்து கிடந்தது. காலையில் நானே பார்த்தேன், துடைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். பத்து மணிக்கு அதே இடத்தில் நான் வழுக்கினேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"சைக்கிள்ல விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் பேனாவை எடுக்கவில்லை. "ஒரு வெரல்ல காட்டுங்க."

நான் இடது உள்ளங்கையால் மணிக்கட்டை மொத்தமாகச் சுற்றிப் பிடித்துக் காட்டினேன். ஏழு மாதம் அவரோடு சைக்கிள் ஓட்டியவன், தெரிந்தேதான் அப்படிக் காட்டினேன். அவரே என் கையை வாங்கி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியில் தன் விரலை வைத்து லேசாக அழுத்தினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க சார் விழுந்தீங்க?"

"ரயில்வே கேட்டாண்ட."

"என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழம சாயந்திரம்."

அவர் கையை விடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "நேத்து கேன்டீன்ல இந்தக் கையாலதான எனக்கு டீ எடுத்துக் குடுத்தீங்க? டம்ளர் சுடுதுன்னு கூட சொன்னீங்களே சார்?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பலகையை நினைத்தேன், குக்கரை நினைத்தேன், துடைக்கச் சொல்லாத கிரீஸை நினைத்தேன். விழுந்ததே என் தப்பு என்று ஆகும். "எழுதிக்குங்க சிஸ்டர்" என்றேன்.

எழுதினார். 'சைக்கிளில் விழுந்ததால்.' கட்டுப் போட்டுவிட்டார். "எக்ஸ்ரே எடுங்க. மொத படத்துல ஒண்ணும் தெரியாம போவும் சார், இந்த எலும்பு அப்டி. பத்து நாளு கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும். மறந்துடாதீங்க." முதல் படம் எடுத்தேன். அவர் சொன்னபடியே ஒன்றும் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை எடுக்காமல் விட்டேன்.

அந்த ஞாயிறு போகாமல் இருந்தால் ஆளாளுக்கு விசாரிப்பார்கள், பொய் வெளிப்பட்டுவிடும் என்று, கட்டு மேல் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். சிஸ்டர் நேராக என் சைக்கிளிடம் வந்தார். ஹேண்டில் கழுத்துப் போல்ட்டைத் தளர்த்தினார். இரண்டு விரல் கனம் ஏற்றினார். வாரத்துக்கு அரை விரல்தான் என்று சட்டம் பேசியவர், ஒரே நாளில் இரண்டு விரல் ஏற்றினார். பிரேக் பிடியை என் வலது கை மடங்காமல் எட்டுகிற கோணத்துக்குத் திருப்பினார். சீட்டை ஒரு நகக்கண் அளவு பின்னுக்குத் தள்ளினார். இப்போது என் பாரம் முழுக்க இடுப்பில் உட்கார்ந்தது. கைக்கு வேலையே இல்லை, சும்மா ஹேண்டில் மேல் கிடந்தது. ஹேண்டில் கழுத்தில் பிளாஸ்டர் சுற்றி, தேதி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் வீட்டு வாசலில் சேற்றைத் துடைக்கும்போதுதான் அதைப் படித்தேன். மாற்றம் செய்த நாளின் தேதியைத்தான் அவர் எப்போதும் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்க வேண்டும். இருந்தது செவ்வாய்க்கிழமைத் தேதி.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் என்று அதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தைக் கிளப்பினேன். என்னவோ, கிழிக்கக் கை வரவில்லை.

நான் விழுந்து ஒன்பது நாள் கழித்து, பலகை ஐந்நூறைத் தொட இன்னும் ஒரே வாரம் இருக்கும்போது, என் ஷிப்டில் ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவரின் காலில் சூடான கம்பித் துண்டு உரசியது. என்னைவிட இரண்டு வயதுதான் குறைவாக இருக்கும். கெண்டைக்காலில் தோல் வெந்துவிட்டது. சேஃப்டி ஆபீசருக்குப் போன் போட்டேன். "ஒரு வாரந்தான இருக்கு சார்? வழக்கம்போல போட்டுடச் சொல்லுங்க" என்றார். நான்தான் அந்தத் தொழிலாளியைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனேன்.

"சைக்கிள்ல விழுந்துட்டாரு சிஸ்டர்."

சிஸ்டர் காயத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சைக்கிள்ல சைலன்சர் எங்க சார் கீது?"

அவர் அந்த மனிதரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, காயத்தின் மேல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டி, எங்கே என்று தலையாட்டிக் கேட்டார். மொழி தெரியாத அந்த மனிதருக்கு அது புரிந்துவிட்டது. கெண்டைக்காலைத் தொடவில்லை. விரலை நீட்டி ஜன்னல் வழியாக ஆலைக் கொட்டகையைக் காட்டினார்.

சிஸ்டர் எழுந்து பதிவேட்டைத் திறந்தார். "இன்சார்ஜ் நீங்க. இவரு பாஷ எனக்கு வராது. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். சொல்லுங்க சார், எழுதறேன்."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. ஆனால் கேட்டார். வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவன் நின்றிருப்பான். கான்ட்ராக்ட் நர்ஸ் தனியாக நிற்க வேண்டியிருக்காது. எனக்கு அது தெரியும். எதிர்ச் சுவரில் கண் பரிசோதனை அட்டை மாட்டியிருந்தது. நான் அதன் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

"சரி சார். இவரு காட்டினதயே எழுதிடறேன்" என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலை பலகையில் பூஜ்யம். அந்தப் பதிவினால்தான் அந்த ஒடிசாக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் சம்பளத்தோடு விடுப்பும் கிடைத்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. குக்கரைப் பற்றித்தான் பேசினார்கள். கேன்டீனில் சிஸ்டர் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. என் மனைவிகூட, "அந்த நர்ஸம்மா ஒரு வாரம் பொறுத்துக்கினு இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? பேஜாரு பண்ணிட்டாங்களே" என்றாள்.

அந்த ஞாயிறு சைக்கிளுக்கு யாரும் போகவில்லை. நானும்தான். மணிக்கட்டு வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் கூடிக் கிளம்புகிற பஜார் டீக்கடையின் முதலாளி மறுநாள் சொன்னார்: "அந்தம்மா மட்டும் வந்துச்சு சார். அரை மணி நேரம் நின்னுக்கினு இருந்துச்சு. அப்பறம் தனியாவே பொன்னேரி பக்கமா போச்சு."

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. சூளூர்ப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் தேர்வாய் கண்டிகையில் வேறு கம்பெனி என்றார். கடைசி நாள் அவர் கூடையில் தன் சாமான்களை வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். பெயர் தெரியும். அன்றைக்கு வாயில் வராத பெயரை இன்றைக்கு உங்களுக்காக எழுத எனக்கு என்ன உரிமை?

கை சரியாகவில்லை. இரண்டு மாதத்தில் சாவி திருப்ப முடியவில்லை, நிறைந்த டம்ளரைத் தூக்க முடியவில்லை. கையெழுத்துப் போடும்போது கட்டைவிரல் அடியில் ஊசி குத்தியது. ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். கவரப்பேட்டை தாண்டியும் திரும்பத் தோன்றவில்லை. வீட்டில் வலித்தது, ஆலையில் வலித்தது, தூக்கத்தில் வலித்தது, சைக்கிள் மேல் மட்டும் அந்தக் கை வலிக்கவே இல்லை. எந்தச் சைக்கிள் மேல் பழி போட்டேனோ அதன் மேல்தான் கை சும்மா கிடந்தது. ஒரு கரையோரம் இறங்கி நின்று அழுதேன். நாற்பத்தாறு வயதில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

மறுநாள் ஷிப்ட் ஆரம்பித்ததும் முதலுதவி அறைக்குப் போனேன். சிஸ்டர் இடத்தில் புதிதாக ஒருவர் வந்திருந்தார், நல்ல மனிதர். என் மணிக்கட்டைப் பார்த்ததுமே பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சைக்கிளா சார்?"

"இல்ல" என்றேன்.

இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியில் வைத்தேன். "இங்க. மில்லுல, கம்பி ஆறுற மேடையாண்ட. கிரீஸ் கெடந்தது. தொடைக்கச் சொல்லாதது நான்."

"என்னிக்கு சார்?"

செவ்வாய்க்கிழமைத் தேதியைச் சொன்னேன். பிளாஸ்டரில் மை மங்கிப் போயிருந்தது, ஆனால் எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் மேஜைக் காலண்டரை இரண்டு தாள் பின்னால் புரட்டினார். "இவ்ளோ நாளு கழிச்சா சார்? போர்டுல இப்பத்தான் அறுபது தாண்டிக்கீது. யோசிச்சி சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன். எழுதுங்க."

மத்தியானத்துக்குள் மூன்று போன் வந்தது. மேனேஜர் அறைக்கு இரண்டு முறை போய் வந்தேன். என்ன பேசினார்கள் என்பது முக்கியமில்லை, நான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வாட்ச்மேன் ஸ்டூல் மேல் ஏறி நின்று எண்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல் ஆடியது. நான் சைக்கிளை இடுப்பில் சாய்த்து நிறுத்தி, இடது கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடியும் பூஜ்யமா! யாரு சார் இந்தத் தடவ?" என்றார் மேலேயிருந்து.

"நாந்தாம்பா" என்றேன்.